அத்தையின் ஐந்து மணி

எனக்கு முதன்முதலில் பொறாமை வந்தது ஆண்டவர்மேல்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர்மேல் வந்திருக்கிறது. ஆனால் அந்த அளவுக்கு வயிறு எரிந்ததில்லை.

அப்பாவின் தங்கை கன்னியாஸ்திரி. கேட்க நாதியில்லாமல் படுத்த படுக்கையாகிவிட்ட கிழவிகளை வைத்துப் பார்க்கும் மடம் ஒன்றில், திருவொற்றியூரில் இருந்தாள். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனதால், கோடை விடுமுறை முழுக்க என்னைக் காலையில் மடத்தில் விட்டுவிட்டு, இருட்டிய பிறகு வந்து கூட்டிப் போவாள். நானும் அத்தைக்காகவே குஷியாகப் போவேன். அத்தையோ கிழவிகளைக் குளிப்பாட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள், புண்ணுக்கு மருந்து வைப்பாள். நான் பின்னாலேயே ஓடினால், கொஞ்சம் இரு கண்ணு, இதோ வந்துட்டேன் என்பாள். மாலை ஐந்து மணிக்குத்தான் கை ஓயும். அந்நேரம் பார்த்து மணி அடிக்கும். அத்தை கையைக் கழுவிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஜெபக்கூடத்துக்குள் போய்விடுவாள்.

ஒரு மணி நேரம் மௌன ஜெபம். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. பீடத்தில் ஆண்டவர் அப்பமாக வீற்றிருக்கும் கதிர்பாத்திரம், அதற்கெதிரே முழந்தாள்படியிட்ட சிஸ்டர்கள். நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். நாள் முழுக்க எனக்குக் கிடைக்காத முகத்தை அத்தை அங்கே கொண்டுபோய் அப்படியே கொடுத்துவிட்டிருப்பாள். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசுகிறாரா என்றால் அதுவும் இல்லை. சும்மா இருக்கிறவருக்கு ஒரு மணி நேரம், அத்தை அத்தை என்று நாயாய் அலைகிற எனக்கு ஒன்றுமே இல்லை.

என்னைப் போலவே இன்னொருத்திக்கும் எரிந்தது. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த புளியந்தோப்புக் கிழவி அவள்.

“இன்னா பாப்பா, போய்ட்டாளா உங்க அத்த?”

“ஜெபத்துக்குப் போய்க்கீது.”

“அந்தாளு கைல மட்டும் அம்மாந்நேரம் இன்னாதான் பேசுவா? நான் ஒருத்தி இங்க கெடக்கறேன்ல.”

கிழவி பேச்சோடு நிற்கவில்லை. மறுநாள் மணி அடித்து, அத்தை ஜெபக்கூடத்து வாசலை மிதித்ததும், படுக்கையை நனைத்துவிட்டுக் கூப்பாடு போட்டாள். வேறு சிஸ்டர் போனால் கடிக்க வந்தாள். அத்தைதான் திரும்பி வரவேண்டியிருந்தது. அடுத்து வந்த நாட்களிலும் இதே கூத்து. கட்டிலருகே கிடையாய்க் கிடந்த எனக்கு மட்டும் விஷயம் தெரியும். பெட்பேன் வைக்க வந்தால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அடக்கிக்கொண்டு மணிக்குக் காத்திருப்பாள். அடித்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். எனக்குக் கிழவியைக் கட்டோடு பிடிக்காது. அத்தையின் பாதி நாளை விழுங்கியவளே அவள்தான். ஆனாலும் ஐந்து மணிக்கு நாங்கள் ஒரே கட்சி.

மடத்துத் தலைவியான மதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“வேணும்னே பண்றாங்க சிஸ்டர். கொஞ்ச நேரம் ஈரத்துல கெடந்தா தானா அடங்கிடுவாங்க. நீங்க உள்ள போங்க.”

“எனக்கும் தெரியும் மதர்” என்றாள் அத்தை. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிழவியிடம் போனாள்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆண்டவரைத் தோற்கடித்தாகிவிட்டது. அத்தை போர்வை துவைக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சண்டைகள் முழுவதையும் கொட்டினேன். ம், ம் என்றாள். துவைக்கிற கல்லுக்கு நேரெதிரே ஜெபக்கூடத்து ஜன்னல். உள்ளே மற்ற சிஸ்டர்கள் அசையாமல் இருந்தார்கள். போர்வையைப் பிழிந்தபடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அத்தை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கதவிடுக்கில் நின்று நான் பார்க்கிற பார்வை அது. இவ்வளவு பெரிய மனுஷிக்கு யார்மேல் என்ன பொறாமை என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். “எந் தங்கச்சி சாமி கைல பேசணும்னுதான் மடத்துக்கே போச்சு. அங்கயும் துணிதான் தொவைச்சிகினு கீது” என்றார்.

விடுமுறை முடிவதற்குள், ஒரு நாள் காலையில், கிழவி கஞ்சி குடிக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அத்தைதான் குளிப்பாட்டிப் புதுப்புடவை கட்டிவிட்டாள். படுக்கையை உதறி வேறு போர்வை விரித்தாள். துறைமுகத்துக் கரித்தூசி படியாத நல்ல வெள்ளைப் போர்வை.

மாலையில் மணி அடித்தது. யாரும் கூப்பாடு போடவில்லை. அத்தை உள்ளே போய் முழந்தாள்படியிட்டாள். இனி ஒரு மணி நேரமும் முழுசாக ஆண்டவருக்குத்தான் என்று நினைத்ததும் கதவிடுக்கில் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அத்தையின் முகம் பீடத்தில் நிற்கவில்லை. கிழவிகள் படுக்கும் கூடத்துப் பக்கமாகத் திரும்பித் திரும்பி வந்தது. ஏதோ ஒரு சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் நின்ற கதவும் அந்தப் பக்கம்தான்.

கடைசியில் என் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷம் தாங்காமல், அத்தனை மௌனத்துக்கும் நடுவே கதவைத் தள்ளித் திறந்து, “இன்னா அத்த, கூப்ட்டியா?” என்றேன்.