நாய்க்கு நடுக்கம், எனக்கு வெட்கம்

நாய்க்கு முடி வெட்டும் தொழிலில் கடி வாங்கினால் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். மானம் போனால் எங்கே கட்டுப் போடுவது? அடையாறில் எங்களுடையது ஒரு சின்னக் கடை. நானும் ராயப்பேட்டை ஷகீலாவும்தான் ஆட்கள். வருகிற நாய் மிரளக் கூடாது என்று வழுக்காத விரிப்பு, சத்தம் குறைந்த டிரையர், நக்கிக்கொண்டிருக்கத் தட்டில் தடவிய வேர்க்கடலை வெண்ணெய் என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். இதே தொழிலில் அல்லல்படும் சகோதர சகோதரிகளே, நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

மாட வீதியில்

ஒரு சனிக்கிழமை மயிலாப்பூரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்களிடம் மாதாமாதம் வரும் லாப்ரடார் புருனோ, அதை வளர்க்கும் மாமியோடு எதிரே வந்தது. ஆசையாக "புருனோ!" என்றேன்.

குரலைக் கேட்டதுதான் தாமதம். வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு தள்ளுவண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. வண்டி ஆடி, தக்காளி உருண்டது. பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தக்காளி பொறுக்கும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன். மாமி குனிந்து அதைச் சமாதானப்படுத்தினாள்: "பயப்படாதேடா கண்ணா, அவ இன்னிக்குக் கறிகாய் வாங்கத்தான் வந்திருக்கா!"

அமைதி காக்கவும்

புருனோ போட்ட போட்டில், எங்கள் சத்தம்தான் நாய்களை மிரட்டுகிறது என்று முடிவுகட்டினேன். 'இங்கே மெல்லப் பேசவும்' என்று பலகை மாட்டினேன். அன்று கோடம்பாக்கத்திலிருந்து சினிமா லைட்மேன் குமார் தன் குட்டி நாய் பப்லுவோடு வந்திருந்தார். அவர் போனில் பேச, பலகையைச் சுட்டிக்காட்டினேன். பாவம், வாயைப் பொத்திக்கொண்டார்.

பப்லு மேஜைமேல் கண் சொக்கி நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு கரப்பான்பூச்சி பறந்து வந்து என் தோளில் உட்கார்ந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். பார்த்தால், நாற்காலிமேல் நின்றுகொண்டிருக்கிறேன். பப்லு அசையவில்லை. குமார் மெல்ல, பலகைக்கு மரியாதை கொடுத்து, சொன்னார்: "அது கம்முனுதான் கீது மேடம். உங்களை யாரு புடிச்சுக்கறது?"

வடபழனிக்கு ஒரு ரகசியப் பயணம்

இதைச் சொல்லவே கூசுகிறது. எங்கள் வீட்டு ஜிம்மி, நான் ஷாம்பு பாட்டிலைத் தொட்டாலே உறுமும். வேறு வழியில்லாமல், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வடபழனியில் வேறொருவர் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். அங்கே யாரோ ஒரு பெண் தண்ணீர் ஊற்ற, ஜிம்மி தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு நின்றது. வயிறு எரிந்தது.

திரும்பினால், காத்திருக்கும் பெஞ்சில் பப்லுவை மடியில் வைத்துக்கொண்டு குமார்! துப்பட்டாவை இன்னும் இழுத்து மூடிப் பார்த்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "வுடுங்க மேடம். நானும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க."

பாதி முடி

ஆட்டோ ஓட்டும் ஏழுமலை ஒரு கிழட்டுப் பொமரேனியனைப் பின்சீட்டில் உட்கார வைத்து அழைத்து வந்தார். யாரோ வீடு மாறும்போது தெருவில் விட்டுப் போனதாம். முடி முழுக்கச் சிக்கு. அதன் அடியில் தோல் புண்ணாகியிருந்தது. மகாராணி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

இடது பக்கம் வெட்டி முடித்தபோது அதன் மூச்சு மாறியது. நாக்கு ஊதா நிறத்துக்குப் போனது. கத்தரியைக் கீழே போட்டேன். ஷகீலா ஜன்னலைத் திறந்து விசிறினாள். இன்னும் கொஞ்சம்தானே, முடித்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் அடித்துக்கொண்டது நிஜம். முடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல நாக்கு சிவந்தது. கண்ணைத் திறந்து என் விரலை நக்கியது.

ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் சடை. அந்தக் கோலத்தில் அதை நீட்ட எனக்குக் கை எழவில்லை. வெளியே ஆட்டோவில் காத்திருந்தவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஏழுமலை நாயை நெஞ்சோடு அணைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகுக்கு இன்னா அவசரம்மா? உசுரு கீது இல்ல, மீதிய அப்பால பாத்துக்கலாம்."

நாய்களின் மன அழுத்தத்தைக் குறைக்க நான் பட்ட பாட்டில் அவற்றுக்கு எவ்வளவு குறைந்ததோ தெரியாது, என் தலைக்கனம் மட்டும் ஒட்ட வெட்டப்பட்டுவிட்டது.