ஒட்டி எழுதாத சொல்

நோர்வேயில் பதினொரு வருடம் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தவள் நான். அந்தத் துணிவில், கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த முதல் வருடமே ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனேன். என்னைச் சோதித்தவரும் எங்கள் ஆள்தான். எனக்கு முன்னரே நோர்வேயிலிருந்து இங்கு வந்தவர். ஒரு சொல்லை எழுதி நீட்டினார். மூளை, சவ்வு, அழற்சி மூன்றையும் இடைவெளியில்லாமல் ஒட்டிய எட்டு அசைச் சொல்: யேர்ணெஹின்னெபெதென்னெல்செ.

அழற்சிக்கான சொல்லைத் தனியே சொன்னால் 'தென்' என்ற அசையில் அழுத்தம் விழும். முன்னால் வேறு சொற்கள் ஒட்டினால் பெரிய அழுத்தம் 'யேர்' என்ற முதல் அசைக்குப் போய்விடும். தட்டச்சு செய்யும் விரல்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. நான் 'தென்'னை அழுத்தினேன்.

அவர் சிரித்தார். கதவைத் திறந்து முதலாளியையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"அக்கா, இன்னொருக்கா சொல்லுங்கோ. இவையும் கேக்கட்டும்."

வேலை வேண்டியிருந்தது. சொன்னேன்.

கிடைத்தது மொழிபெயர்ப்பு வேலையல்ல. அவர் எழுதியதில் பிழை பார்க்கும் வேலை. அடுத்த மூன்று வருடமும் அவருக்கு நான் 'தென் அக்கா'. சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், "தென் அக்கா வாறா" என்பார். வோபர்னில் இருந்த வீட்டிலிருந்து வேலைக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, நோய்களின் பெயர்களை முதல் அசையில் ஊன்றி ஊன்றிச் சொல்லிப் பழகினேன். ஒவ்வொரு ஊன்றலும் அவர் மீதுதான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நோர்வேக்குப் போகும் மருத்துவக் கருவி ஒன்றின் கையேடு என் மேசைக்கு வந்தது. தாதியர் என்பதற்கு அங்கே ஒரே சொல்: சீக்கெப்ளையெரெ. ஆங்கிலப் பழக்கத்தில் அவர் அதை இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். பிரித்தால் பொருள் வேறு. நோய் பிடித்த பராமரிப்பாளர்கள் மட்டுமே இந்தக் கருவியை இயக்கலாம் என்றாகியிருந்தது.

பென்சிலை எடுத்தேன். வைத்துவிட்டேன். அச்சுக்குப் போகவிட்டிருக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் வியாழக்கிழமை வாடிக்கையாளருடன் வீடியோக் கூட்டம் இருந்தது.

திரையில் நோர்வேப் பெண்மணி. மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும்.

"அண்ணை, நாலாவது வரியை ஒருக்கா வாசியுங்கோவன்," என்றேன்.

தாதியர் என்றே ஒற்றை அழுத்தத்தில் அழகாக வாசித்தார்.

"உதில்லை அண்ணை. நீங்கள் எழுதினபடி வாசியுங்கோ. நடுவிலை இடைவெளி கிடக்கு, அழுத்தம் ரெண்டு வரும்."

அவர் குனிந்து அந்த வரியில் இடைவெளியைத் தேடினார். நானே நோர்வே மொழியில் வாசித்தேன், இரண்டு சொல்லாக. அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தாள். முதலாளிக்கு நான் ஆங்கிலத்தில், மெதுவாக, இரண்டு தடவை விளக்கினேன். ஒரு தடவையே போதுமாயிருந்தது.

அடுத்த மாதம் நோர்வே வேலை முழுவதும் எனக்கு வந்தது. அவர் என் மேசைக்கு வந்தார்.

"உதை முதலே கண்டனீங்களோ?"

"ஓம். திங்கக்கிழமையே."

"சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்ல மனம் வரேல்லை."

சில மாதங்களில் பிக்கரிங் பக்கம் வேறு வேலை தேடிப் போய்விட்டார். பிரியாவிடைக்கு வாங்கிய கேக்கில் நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.