சகலை ஓட்டிய விமானம்

இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது நானும் என் சகலையும் ஒரே கிளப்பில் சிறு விமானம் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினோம். பிறகு இருவருமே துபாய்க்கு வந்துவிட்டோம். பிரிட்டன் ஐரோப்பிய விமான அமைப்பிலிருந்து விலகப்போகிறது என்றதும் அவர், "சகல, லைசென்ஸை அயர்லாந்துக்கு மாத்திக்குவோம். இல்லேன்னா அப்புறம் ஐரோப்பாவுல செல்லாது" என்றார். அவர் மாற்றிக்கொண்டார். நான் கேட்கவில்லை. இங்கே துபாயில் பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸைக் காட்டியதும் டெஸ்ட்டே இல்லாமல் கார் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்தத் திமிர்.

போன லீவில் இரு குடும்பமும் போர்ச்சுகல் போனோம். மகளை வானத்தில் சுற்றிக் காட்டுவதாகப் பெருமையடித்திருந்தேன். அங்கிருந்த கிளப்பிலோ, பிரிட்டனில் பதிவான விமானத்துக்குத்தான் என் லைசென்ஸ் செல்லும் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சாவி சகலை கைக்குப் போனது.

கீழே பைகளுக்குக் காவலாக நின்றேன். இறங்கி வந்த மகள், "அப்பா, பெரியப்பா சூப்பர் பைலட்!" என்றாள்.

"அத்தானுக்கு எப்பவுமே முன்யோசனை ஜாஸ்தி" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் போகிற ஊர் கிளப்புக்கு லைசென்ஸ் படத்தை அனுப்பி, உங்கள் விமானத்துக்கு இது செல்லுமா என்று கேட்ட பிறகே டிக்கெட் போடுகிறேன். ஐரோப்பிய லைசென்ஸுக்கும் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் சகலையைக் கேட்கச் சொல்கிறாள் மனைவி. ஃபெயிலானாலும் கேட்க மாட்டேன்.