‘கல் அடித்தது’ என்று நான் எழுதிய சீட்டு

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அக்கா மகள் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். அக்காவின் நல்ல குணங்களைச் சொல்ல உறவினர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டுமென்றால் என் குற்றம் ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். எண்பதை நெருங்கும் வயதில் இனி எதை மறைத்து என்ன என்று துணிந்து எழுதுகிறேன்.

அக்கா இராமநாதபுரம் சீமையில், சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். மழை இல்லாத ஒரு வருடத்தில் அப்பா அந்தமானுக்குக் கப்பலேறி, போர்ட் பிளேரில் அரசாங்க வாகனப் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தார். மறுவருடம் எங்களை வரவழைத்தார். நான்கு நாள் கப்பலில் அம்மாவும் நானும் தலை தூக்க முடியாமல் கிடந்தோம். பன்னிரண்டு வயது அக்காதான் தள்ளாடித் தள்ளாடிப் போய்க் கஞ்சி வாங்கி வந்து எங்கள் இருவருக்கும் ஊட்டிவிட்டார்.

டெலானிபூர் மேட்டில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒருபுறம் வங்காளிக் குடும்பம், மறுபுறம் தெலுங்குக் குடும்பம். ஆறே மாதத்தில் அக்கா தெருவோடு இந்தியில் பேசப் பழகிவிட்டார். அம்மாவுக்குக் கடைசிவரை அது வரவில்லை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அக்காவே அம்மாவின் வாயாக இருந்தார்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா காய்ச்சலில் காலமானார். அக்கா பத்தாவது வரை படித்திருந்ததால் அதே பட்டறையில், உதிரிப் பாகங்கள் வைக்கும் ஸ்டோரில் கிளார்க் வேலை கொடுத்தார்கள். பட்டறை முழுவதற்கும் ஒரே பெண் அவர்தான். இரண்டு மூன்று வருடம் கழித்து நானும் அங்கேயே லாரி டிரைவரானேன்.

அப்போதைய நிலைமையை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். காட்டை வெட்டி அகதிகளைக் குடியமர்த்திய கிராமங்களுக்கு அரிசியும் தகரமும் விதைநெல்லும் எங்கள் லாரிகளில்தான் போயின. லாரிகளோ வரும்போதே பாதி ஆயுளை மெயின்லேண்டில் கழித்துவிட்டு வந்தவை. ஒரு பாகம் உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டி பட்டறையில் நிற்கும். கிராமத்தில் அரிசி இருக்காது.

லாரி நின்றால் நாங்கள் எது உடைந்தது என்று மட்டும் சொல்வோம். அது ஏன் உடைந்தது என்று அக்கா கேட்பார். பாகம் கேட்டு எழுதும் சீட்டில் காரணத்தையும் எழுத வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். வெறுமனே ‘பழுது’ என்று எழுதினால் சீட்டு திரும்பி வரும். ‘தீதிகிட்ட புர்ஜா கேட்டா காரண் கேக்குது’ என்று டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். புர்ஜா என்றால் உதிரிப் பாகம்; தீதி என்றால் அக்கா. வயதில் மூத்தவர்களும் அவரைத் தீதி என்றே அழைத்தார்கள்.

இஞ்சின் விசிறியை ஓட்டும் பேன் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஒருவர் வந்தால், பழைய பெல்ட்டைக் கொண்டுவரச் சொல்லி விரலால் தடவிப் பார்ப்பார். பிசுபிசுப்பாக இருந்தால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெல்ட் சுற்றும் புல்லி கோணலாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது பெல்ட் போட்டால் அதுவும் அறுந்துபோகும். டீசல் டிரம்களை மழையில் நிமிர்த்தி வைப்பதால் மேலே தேங்கும் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்குகிறது என்பதையும் சீட்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தே அவர் கண்டுபிடித்தார். அதன்பின் டிரம்களைக் கூரைக்குக் கீழே படுக்க வைத்தார்கள். டீசல் எடுக்கும் முன் டிரம்மை நிமிர்த்தி ஒரு நாள் அசைக்காமல் விட்டு, தண்ணீர் தங்கும் அடி டீசலைத் தொடாமல் எடுத்தார்கள். பேட்டரி முனைகளில் உப்புக்காற்றால் பூக்கும் வெள்ளையைத் துடைத்துக் கிரீஸ் தடவுவது, கோடையில் செம்மண் தூசி அடைக்கும் ஏர் பில்டரை வாரம் தவறாமல் கழுவுவது, ஸ்பிரிங் பட்டை தாங்கும் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றாதிருப்பது என்று ஒவ்வொன்றாகப் பட்டறையின் பழக்கமாயின. சந்தேகம் வந்தால் எங்கள் மலையாள மேஸ்திரியிடம் போய்க் கேட்பார். இவள் ஆணாகப் பிறந்திருந்தால் என் நாற்காலி போயிருக்கும் என்று மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார்.

இனி என் கதை.

நான் அப்போது வேகமான டிரைவர் என்று பெயர் வாங்கியிருந்தேன். வழக்கமாகப் போகும் கிராமத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. அதற்கு முன், இஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்று அரை மைல் உள்ளே இருந்தது. உப்பங்கழியோ சாலையை ஒட்டியே கிடந்தது. ஒருநாள் அவசரத்தில் கழித் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சில மாதங்களில் உப்பு அரித்து ரேடியேட்டர் பொத்துக்கொண்டது. ‘கல் அடித்தது’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்திட்டார். பல மாதம் காத்திருந்து கப்பலில் வந்திருந்த ஒரே புது ரேடியேட்டரை எனக்குக் கொடுத்தார். நான் திருந்தவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். அரிசி இறக்கிவிட்டுத் திரும்பப் புறப்பட்டேன். வங்காளிக் குடியேறி ஒருவர் ஓடி வந்தார். மனைவிக்கு இடுப்புவலி கண்டு நேரமாகிவிட்டதாம், பிள்ளை புரண்டிருக்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாராம். அந்தப் பெண்ணைக் காலிச் சாக்குகளின் மேல் படுக்கவைத்து, மருத்துவச்சியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஏற்றத்தின் பாதியில் ஆவி பறந்தது. இஞ்சின் கடகடவென்று சத்தமிட்டு நின்றது. எவ்வளவு முயன்றும் மறுபடி உயிர் பெறவில்லை.

தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு நான் மழையில் சாலை நடுவே நின்றேன். குழந்தை அந்த லாரியிலேயே பிறந்தது. கால் முதலில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். குழந்தை அழுதது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மரம் ஏற்றி வந்த லாரி ஒன்றில் அவர்களை ஏற்றிவிட்டோம். புறப்படும்போது அந்த மனிதர் என் இரண்டு கைகளையும் பிடித்து, “டிரைவர் பாபு, ஆப் நஹி ஹோத்தே தோ…” என்று கண்கலங்கினார். நீங்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ என்று எனக்கு நன்றி சொல்கிறார். அந்தக் கைகளின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

மறுநாள் வண்டியை இழுத்து வந்து மேஸ்திரி ரேடியேட்டரைக் கழற்றினார். அக்கா ஸ்டோரை விட்டு இறங்கி வந்தார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மூலையில் போட்டிருந்த என் பழைய ரேடியேட்டரை எடுத்துவந்து அதையும் அப்படியே செய்தார். மேஸ்திரி ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிட்டார்.

“கல்லு அடிச்சுதுன்னு எழுதிக் குடுத்தியே தம்பி. கல்லு உப்புக் கரிக்குமாடா?” என்றார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஊற்று தூரம், தினமும் டின்னைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது என்றும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், மேலே எழுதி அனுப்பாதே, இஞ்சின் பழசு என்று முடித்துவிடு, நான் உன் கூடப்பிறந்தவன் அல்லவா என்று கெஞ்சினேன்.

“அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது. பொழைக்குமான்னு டாக்டருக்கே தெரியல. நான் என்னான்னு எழுதட்டும், நீயே சொல்லு.”

அக்கா எழுதி அனுப்பினார்.

அந்தப் பெண் ஒரு மாதம் படுத்திருந்து பிழைத்தார். என்னை டிரைவர் வேலையிலிருந்து இறக்கி, கப்பலில் போக வேண்டிய வடகோடித் திக்லிபூருக்கு மூட்டை இறக்கும் ஆளாக மாற்றினார்கள். அம்மா அக்காவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று உறவினர்களும் சொன்னார்கள். அவர்களில் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு முன்பே அதைச் சொன்னவன் நான்தான். நான் புறப்பட்ட அன்று கப்பல்துறையில் அக்கா ஒரு பையை நீட்டினார். வாங்காமல் ஏறிவிட்டேன்.

திக்லிபூரில் மூன்று வருடம் இருந்தேன். மாதம் ஒரு கடிதம் அக்காவிடமிருந்து வரும். அம்மாவின் உடல்நிலை, வீட்டுச் செய்தி, இவ்வளவுதான். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை.

மூன்றாம் வருடம் அங்கே ஒரு டிராக்டரைப் பழுதுபார்க்க மேஸ்திரி வந்தார். அக்காவைப் பற்றி நான் ஏதோ கசப்பாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“நீ அந்த ரிப்போர்ட்டு வாயிச்சுட்டுண்டோ? படிச்சியோடா? அதுல முதல்ல எழுதின குத்தம் உன்னோடது இல்லைடா, அவளோடதாக்கும்” என்றார்.

‘வேறு எந்த டிரைவர் அந்தச் சீட்டைக் கொடுத்திருந்தாலும் பழைய ரேடியேட்டரைப் பரிசோதித்த பிறகே புதியதைக் கொடுத்திருப்பேன். என் தம்பி என்பதால் பார்க்காமல் கையெழுத்திட்டேன். முதல் தவறு என்னுடையது.’ இப்படி எழுதியிருந்தாராம் அக்கா. அதனால் ஸ்டோர்கீப்பராக வேண்டியவர் கிளார்க்காகவே நிறுத்தப்பட்டார். அவருக்குப் பின் வேலையில் சேர்ந்தவர் அவருக்கு மேலே உட்கார்ந்தார். மேஸ்திரி அந்த வரியையாவது எடுத்துவிடு என்று கேட்டும் அக்கா இணங்கவில்லை. வீட்டில் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஏச்சை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்.

லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை; நேரே பட்டறைக்குப் போனேன். அக்கா சீட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, என்னை மன்னிச்சிரு” என்றேன். அக்கா அந்தச் சீட்டை மடித்து வைத்தார். கப்பல் ரொம்ப ஆடிற்றா என்று கேட்டார். பிறகு எழுந்து, புறப்படத் தயாராக நின்ற அரிசி லாரியில் என்னை ஏறச் சொல்லித் தாமும் ஏறிக்கொண்டார்.

அந்த ஏற்றத்தின் அடியில், உப்பங்கழிக்குப் பக்கத்திலேயே, ஓலைக் கூரைக்குக் கீழ் இரண்டு பெரிய டிரம் நிறைய நல்ல தண்ணீர் இருந்தது. ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். கிராமத்தார் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆபீஸில் கேட்டுக் கேட்டு அக்காதான் அதைச் செய்ய வைத்திருக்கிறார்.

“அன்னிக்கு நீ சொன்னதுல ஒண்ணு நெசம்டா,” என்றார். “ஊத்து ரொம்பத் தூரம்தான்.”

நான் தப்பித்துக்கொள்ளச் சொன்ன சாக்கையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு அதற்கும் வழி செய்திருந்தார். அந்த டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். லாரியின் டிரைவர் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அம்மா எழுந்து போய் அக்காவுக்கு இலை போட்டார்.

மீண்டும் எனக்கு லாரி கிடைத்தது. ஏழு வருடம் தாமதமாக அக்கா ஸ்டோர்கீப்பரானார். பள்ளி ஆசிரியரான அத்தானை மணந்து, போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் வீடு கட்டி, ஒரு மகளைப் பெற்று, ஓய்வும் பெற்றார். அத்தான் போனபின் மகளுடன் இருந்தார். கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோதும் யாரையும் வருத்தவில்லை. ஒருநாள் நான் தலையணையைச் சரிசெய்தேன். “நீ உக்காருடா, உனக்கும் வயசாச்சு” என்றார். அதற்கு மறுவாரம் விடியும் வேளையில் மகளின் கையைப் பற்றியபடி இறைவனடி சேர்ந்தார்.

அக்காவைக் குழந்தைபோல் வைத்துப் பார்த்த மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், வீடு தேடி வந்து கவனித்த நர்சம்மாவுக்கும், இரவு பகல் பாராமல் துணை நின்ற டெய்ரி ஃபார்ம் அண்டை வீட்டாருக்கும், திக்லிபூரிலிருந்தும் மெயின்லேண்டிலிருந்தும் வந்து துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

அக்காவிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நன்றி சொன்னதே இல்லை. கூடப்பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நீங்கள் அனைவரும் அறிய இப்போது சொல்லிக்கொள்கிறேன். நன்றி, அக்கா.

அன்புத் தம்பி