வெடித்த ஏரிக்கு ஒரு வாத்திய இசை

ஜெபதாஸுக்கு ஒரு வினோதப் பழக்கம். எதைக் கண்ணால் பார்த்தாலும், இது காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பார். சித்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் வேலை. ஞாயிறானால் மிஷன் கோயிலில் வயலின். கல்யாணப் பெண்ணின் படத்தைக் கழுவிக்கொண்டே, மூக்குத்திக்கு எந்த சுரம் என்று முணுமுணுக்கிற மனிதரை யார் என்ன செய்ய முடியும்? ஆஸ்பத்திரி நர்ஸான மனைவி லோயிஸ், கர்த்தர் தனக்குக் கொடுத்தது இதுதான் என்று விட்டுவிட்டாள்.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்த ஒரு வருஷம். ஏர்பேட்டு விவசாயி ஒருவர், தாசில்தாரிடம் காட்டுவதற்கு வறண்டு கிடந்த தங்கள் ஏரியைப் படம் பிடிக்கச் சொன்னார். ஜெபதாஸ் போய் எடுத்துவந்தார். இருட்டறையில், சிவப்பு பல்பின் கீழே, தாளை மருந்தில் போட்டு ஆட்டினார். வெள்ளைத் தாளில் முதலில் எழுந்தவை வெடிப்புகள்தான். மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடி, எங்கேயோ முட்டி நின்றன. இடையிடையே பாளம் பாளமாய் வெறும் மண். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இதை வாசிக்க முடியுமா?

கேள்வி வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. படத்தைப் பெரிதாக்கி, வெடிப்புகள் மேல் கலர் பென்சிலால் கோடு போட்டார். சிவப்பு தன் வயலினுக்கு, பச்சை லோயிஸின் ஆர்மோனியத்துக்கு, நீலம் கிளாரினெட்டுக்கு. கிளாரினெட் முனிசாமி நகரிக்காரர். கல்யாண பேண்டில் ஊதுகிறவர்.

"இன்னா ராகம்ணா இது?" என்றார் முனிசாமி.

"ராகம் இல்ல, ஏரி. உன் கோட்டு மேலயே போய்க்கினு இரு. எங்க முட்டுதோ அங்க நிறுத்து."

"நிறுத்திட்டு?"

"வெறும் மண்ணு வருதில்ல, அங்க யாரும் வாசிக்கக் கூடாது."

"ஊதாம நிக்கறதுக்கு நகரியிலிருந்து நான் வரணுமா?" என்று முனிசாமி சிரித்தார். ஆனாலும் வாராவாரம் ரயிலேறி வந்தார். அவருக்கும் அது என்னவென்று பார்த்துவிடும் ஆசை பிடித்துக்கொண்டது.

விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாய்ப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் வாசிக்க, சபைப் போதகரான ஐயரிடம் அனுமதி கேட்டார் ஜெபதாஸ். ஐயர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "ஒரு தடவ வாசிங்க ஜெபதாஸ். ஜனங்க கேக்கலைன்னா அதோட விட்டுடணும், கோயில்ல இனிமே பாட்டு மட்டுந்தான்" என்றார். இந்த ஊரில் வேறு எந்த மேடை இருக்கிறது?

பண்டிகையன்று பீடத்தின் முன்னால் நாலு பூசணிக்காய், கொஞ்சம் கேழ்வரகு, கால் கட்டிய ஒரு கோழி. பஞ்ச வருஷத்தின் அறுப்பு அவ்வளவுதான். ஆராதனை முடிவில் மூவரும் ஆரம்பித்தார்கள். வயலின் ஓடியது, ஆர்மோனியம் குறுக்கே வந்தது, கிளாரினெட் தனியாக எங்கேயோ போய் முட்டியது. முதல் மண்பாளம் வந்தது. மூவரும் நிறுத்தினார்கள்.

"ஆமென்!" என்றது சபை, கோயிலே அதிர.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வாத்தியம் நின்றால் ஆமென் சொல்வது அவர்களுக்குத் தொட்டில் பழக்கம். கொண்டுவந்ததை ஏலம் விடும் வேதநாயகம் பூசணிக்காயைத் தூக்கியேவிட்டார். ஜெபதாஸுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் லோயிஸின் விரல்கள் பச்சைக் கோட்டில் தொடர்ந்துவிட்டன. முடிந்துவிட்டதென்று எழுந்தவர்கள் அசடு வழிய உட்கார்ந்தார்கள்.

அடுத்த பாளத்திலும் ஆமென் வந்தது. இந்தத் தடவை பாதிப் பேர், சந்தேகமாய். அதற்கடுத்த பாளத்தில் எல்லார் வாயும் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது கேட்டது. யாரோ பெருமூச்சு விட்டதும் கேட்டது. முன்வரிசையில் நிலம் காய்ந்துபோன தபீதாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிளாரினெட் தன் கடைசி வெடிப்பில் ஓடி, படத்தின் ஓரத்தில் நின்றது. முடிந்துவிட்டது.

ஒருவரும் அசையவில்லை. பூசணிக்காயோடு வேதநாயகமும் அப்படியே நின்றார். ஐயர் ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்துவதா வேண்டாமா என்று ஜெபதாஸைப் பார்த்தார்.

முனிசாமி குனிந்து, "முடிஞ்சிபோச்சின்னு சொல்லிடுணா, பாவம்" என்று கிசுகிசுத்தார்.

ஜெபதாஸுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வயலினைக் கழுத்திலிருந்து இறக்காமலே, "கொஞ்சம் இருப்பா, கேட்டுக்கினு இருக்காங்க" என்றார்.