முட்டை லாரியும் எண்பதாம் நம்பர் போர்ட்டும்

கம்ப்யூட்டர் சர்வீஸ்னா ஸ்க்ரூ கழட்டற வேலைன்னு நெனைக்கறாங்க. பாதி நேரம் நாம பண்றது பஞ்சாயத்துதாங்க. வெப் சர்வரை ஸ்டார்ட் பண்ணி, பச்சை வராம, ‘போர்ட் 80 காலியில்லை’ன்னு சிவப்புல பார்த்து முழிச்சவங்களுக்கு இது புரியும். போர்ட்டுங்கறது பஸ் சீட் மாதிரி. வேற யாராச்சும் துண்டு போட்டுட்டா நம்ம சர்வர் ஏறவே ஏறாது.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஆபீஸை நான் பார்த்துக்கறேன். லோடு பில் போடற சாஃப்ட்வேர் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே சர்வர் வெச்சு ஓடுது. அது ஓடலைன்னா பில் வராது. கையில எழுதுன பில்லை கேரளாவுல முட்டை எடுக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. லாரி முட்டையோட வெயில்ல நிக்கும்.

ஒளிஞ்சிருந்த ஆள்

முதல் தடவை போன் பண்ணுனது பில் போடற செல்வியக்கா. போய்ப் பார்த்தா, 80-ல ஒரு வீடியோ கால் ஆப் உக்காந்திருக்கு. துபாய்ல இருக்கற மகன்கிட்டப் பேச அக்கா போட்டது. “அதை அப்பவே மூடிட்டனுங்க”ன்னாங்க. மூடுனது ஸ்க்ரீன்ல தெரிஞ்ச ஜன்னலைத்தான், ஆப் மூலையில சின்ன ஐகானா ஓடிட்டே இருந்துச்சு. வெளிய அனுப்புனேன், சர்வர் பச்சையாச்சு.

அக்கா சொன்னாங்க: “சத்தமில்லாம உள்ளயே உக்காந்திருக்குது பாருங்க, எங்கூட்டுக்காரரு மாதிரி!”

மூணு தட்டு

அடுத்த தடவை நான் ராசிபுரத்துல இருந்தேன். “மறுபடியும் சிவப்புங்க, லாரிக்குத் தார்ப்பாய் கட்டிட்டாங்க”ன்னு அக்கா போன். ஸ்டார்ட் பட்டனை எத்தனை தடவை தட்டுனீங்கன்னு கேட்டேன். மூணாம். பண்ணையில போர் மோட்டார் ஸ்டார்ட்டரை மூணு தடவை அமுக்குனாத்தான் ஓடும், அதே பழக்கம். முதல் தட்டுலயே சர்வர் சீட் பிடிச்சிருச்சு. அடுத்த தட்டுல எந்திரிச்ச இன்னொரு சர்வர் எடமில்லாம கத்துது. எல்லாத்தையும் மூடி, ஒரே தடவை தட்டிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்கன்னேன். ஓடிருச்சு.

“சும்மா இருக்கறதுக்கா சாமி உங்களுக்குப் போன் பண்ணுனேன்?”

ராசியான சாஃப்ட்வேர்

போன மாசம் பண்ணைக்கார அண்ணன் புது சாஃப்ட்வேர் வாங்குனாரு. நல்ல நேரம் பார்த்து, மானிட்டருக்குக் குங்குமம் வெச்சு, சூடம் காட்டிப் போட்டாங்க. பழசை எடுக்கலை. மறுநாள் காத்தால பழசு முந்திக்கிட்டு 80-ல ஏறிருச்சு, புதுசு எந்திரிக்கலை. வெளிய லாரி லோடோட நிக்குது, டிரைவர் வாசல்ல நிக்கறாரு. பழசை எடுத்தரலாமுங்களான்னேன். “அது வந்தப்பறந்தான் ஒரு ஷெட்டு மூணாச்சு. அதுல கை வெக்காதீங்க”ன்னாரு அண்ணன்.

சரி, புதுசுக்கு வேற போர்ட் குடுக்கலாம்னு 8080-ன்னேன். அண்ணன் கூட்டிப் பார்த்தாரு. “பதினாறு, ஒண்ணும் ஆறும் ஏழு. நமக்கு ஆகாதுங்க.” 8081? “எட்டா! லாரியைக் கவுக்கப் பாக்கறீங்களா?” வண்டி நம்பரெல்லாம் கூட்டுனா ஒம்போது வர்ற மாதிரியே வாங்கற மனுசன். “அண்ணா, சீக்கிரமுங்க, குஞ்சே பொரிச்சுரும் போல”ன்னாரு டிரைவர். 8082-ன்னேன். ஒம்போது! நல்ல வேளை, அந்த போர்ட்டும் காலியா இருந்துச்சு. நம்பரை மாத்தி ஸ்டார்ட் பண்ணுனேன். பச்சை. பில் வந்து லாரி கேட்டைத் தாண்டுன பொறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ராசியான பழசு ஓடறது 80-ல, கூட்டுனா எட்டுன்னு நான் வாயைத் திறக்கலை.

அண்ணன் என் தோள்ல தட்டுனாரு: “பார்த்தீங்களா? நம்பரு அமைஞ்சா தன்னால ஓடுதுங்க!”

காலியா இருக்கற போர்ட்டாப் பார்த்துக் குடுன்னு நான் படிச்ச ஈவ்னிங் காலேஜ்ல சொல்லித் தந்தாங்க, கூட்டிப் பார்த்துக் குடுன்னு சொல்லித் தந்தது இந்தப் பண்ணைதாங்க.