கழுகு என்று பெயர் வாங்கியவர்

ஊருக்கு வெளியே, கைவிட்ட கல் குவாரிக்குப் பின்னால் ஒரு மொட்டைக் குன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போனால் தலை நரைத்த ஆண்கள் ஐந்தாறு பேர் வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொருவர் கழுத்திலும் வார் போட்ட ரிமோட் பெட்டி தொங்கும். வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்று அவர்களைச் சொல்லாத மனைவி கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு ராஜா இருந்தார். அவரைக் கழுகு என்று கூப்பிடுவார்கள்.

குன்றைவிட்டு இறங்கினால் அவர் ராஜா இல்லை. ஃபிரிட்ஜ், டிவி பெட்டிக்குள் வைக்கிற தெர்மாகோல் துண்டுகளை அறுக்கும் பட்டறையில் வேலை. இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியில் கரண்ட் பாயும். சூடேறிய அந்தக் கம்பியில் பாளத்தைத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி அறுபடும். கருகின வாசனை சட்டையில் ஏறிவிடும், வெள்ளை மணிகள் தலையில் ஒட்டிக்கொள்ளும். "வாசல்லயே தட்டிட்டு உள்ள வாங்க" என்பதுதான் தினமும் மாலையில் மனைவி சொல்லும் வரவேற்பு. பட்டறையில் அவர் வயதில் பாதிகூட இல்லாத சூப்பர்வைசர் "யோவ் பெரிசு" என்று கூப்பிடுவான். அவரும் ஏன் என்று கேட்பார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அந்தப் பட்டறையில் கழித்துப்போட்ட பாளத்தில்தான் அவர் முதல் இறக்கையை அறுத்தார். அதன் பிறகு எத்தனையோ கிளைடர்கள். இஞ்சின் இல்லாத விமானம் அது. காற்றுக்கு எதிராகக் கையால் வீசிவிட்டு, ரிமோட்டில் இருக்கும் இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு மிதக்கவிட வேண்டும். தரையில் சூடான காற்று எங்கேயாவது தூண் மாதிரி மேலே எழும்பும். அதற்குள் நுழைந்துவிட்டால் கிளைடர் தானாக ஏறும், நுழையாவிட்டால் இறங்கிவிடும். அந்தத் தூண் யார் கண்ணுக்கும் தெரியாது. பருந்துக்குத் தெரியும். பருந்து சிறகடிக்காமல் வட்டம் போடுகிற இடத்தில் காற்று ஏறுகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் வெறும் நீலத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கும்போது இவர், "அதோ, அந்த மேகத்துக்குக் கீழ, ரெண்டு சுத்துது" என்பார். இருக்கும். அப்படி வந்த பெயர்தான் கழுகு. வாழ்க்கையில் வேறு யாரும் அவருக்கு ஒரு பட்டமும் கொடுத்ததில்லை.

குன்றில் ஒரே ஒரு சட்டம்தான்: விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. உயரத்தில் அது வெறும் புள்ளி. வருகிறதா போகிறதா என்றே தெரியாது. சந்தேகம் வந்தால் இடது பக்கம் கொஞ்சம் குச்சியைத் தட்ட வேண்டும். புள்ளி சாய்கிற விதத்தைப் பார்த்து, சரி, இது நம்முடையதுதான், இந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதனால் ஓட்டுகிறவரும் சரி, சுற்றி நிற்பவர்களும் சரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசிக்கொள்வார்கள். பறக்கும்போது ஓட்டுகிறவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வினை பட்டறையில்தான் தொடங்கியது. ஒருநாள் அறுக்கும் கம்பியின் நடுப்பகுதி காணாமல் போனது. இரண்டு ஓரமும் தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். மறுபடியும் இல்லை. கண்ணாடியைத் திட்டினார், பல்பைத் திட்டினார். பிறகு ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு கண்ணுலயும் நடுவுல தேஞ்சுக்கிட்டு வருது. இதுக்கு மருந்தும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. ஓரப் பார்வை இருக்கும், பயப்படாதீங்க. நடமாடலாம், சாப்பிடலாம், உங்க வேலைய நீங்களே பாத்துக்கலாம்."

"மேல ஒரு சின்னப் புள்ளி பறந்தா தெரியுமா டாக்டர்?"

"புள்ளியா? அதை எதுக்குங்க பாக்கணும்?"

உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வானத்தில் இருக்கும் புள்ளியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தனக்கு இருப்பதே அந்த ஒன்றுதான் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் மனைவி, "எங்க போனீங்க?" என்று கேட்டதற்கு, "கண்ணாடி பவர் கூடியிருக்காம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதற்குப் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை தொடங்கியது. எதையும் நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். மனைவியிடம் பேசும்போது அவள் காதைப் பார்த்துப் பேசினார். "என்ன, தோடு புதுசான்னு பாக்கறீங்களா? வாங்கிக் குடுத்தாத்தானே புதுசா இருக்கும்" என்று அவள் சிரித்தாள். பட்டறையில் கம்பியைப் பார்க்காமல் விரலுக்கு ஏறும் சூட்டை வைத்து அறுத்தார். குன்றில் தன் கிளைடருக்கு அடியில் பளீரென்று ஆரஞ்சு வண்ணம் பூசினார், தாழ்வாக, பக்கத்திலேயே ஓட்டினார். மற்ற நாட்களில் "இன்னிக்கிக் காத்து சரியில்ல" என்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கழுகே சொல்லிவிட்டால் காற்று சரியில்லைதான். மற்றவர்களும் பெட்டியை மூடினார்கள். பாவிகள், அவ்வளவு நம்பிக்கை.

இந்தக் கூட்டத்தில் அவருடைய மைத்துனனும் ஒருவன். மனைவியின் தம்பி, பல்செட்டு செய்யும் கூடத்தில் வேலை. நாற்பதைத் தாண்டியவன், கொஞ்சம் வாயாடி. அக்காவைக் கட்டியவர் என்பதற்காக மரியாதை கொடுத்தவன் கிளைடரைப் பார்த்த பிறகு பக்தனாகிவிட்டான். அவன் ஒரு வருடமாகத் தன் சொந்தக் கிளைடர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பல்லை மெருகேற்றுகிற சக்கரத்தில் தெர்மாகோல் இறக்கையின் விளிம்பைத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று, நீளமாக, தட்டினால் நடுங்குகிற மாதிரி செய்திருந்தான். "யாருக்கோ பொருத்த வேண்டிய பல்லை எல்லாம் இதுல வச்சிட்டியா?" என்று குன்றில் கேலி செய்தார்கள்.

குன்றில் ஒரு வழக்கம் உண்டு. புது விமானத்தின் முதல் பறப்பைக் கட்டியவன் ஓட்டமாட்டான். இருப்பதிலேயே கைதேர்ந்தவர் கையில் கொடுப்பான். புது விமானம் எப்படிக் குதிக்கும் என்று தெரியாது, அதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் நாளடைவில் அதற்கு இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. கொடுத்ததை அவர் வாங்க மறுத்தால், இது பறக்காது என்று அவர் தீர்ப்புச் சொன்னதாக ஆகிவிடும். அப்படி மறுக்கப்பட்ட ஒரு விமானத்தைக் கட்டியவர் அதன் பிறகு குன்றுப் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை மாலை மைத்துனன் கிளைடரைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நாளைக்கி நீங்கதான். வேற ஆள் கையில குடுக்க மாட்டேன்."

சொல்லியிருக்கலாம். அந்தக் கூடத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, மாப்ளே, எனக்குக் கண் போச்சுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. மைத்துனன் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"வரேன் மாப்ளே," என்றார்.

மறுநாள் நல்ல காற்று. கூட்டம் முழுவதும் வந்திருந்தது. மைத்துனன் வீசினான். அம்மாடி, அது என்ன பறப்பு! ஒரு குதிப்பு இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. கை தொடாமலே நேராகப் போயிற்று. அவர் குச்சியை லேசாகத் தொட்டால் திரும்பியது, விட்டால் நிமிர்ந்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். கிளைடர் ஏற ஏற அவர் கண் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனது.

"குவாரிக்கு மேல பருந்து சுத்துது மாமா."

"தெரியுது, தெரியுது," என்றார். தெரியவில்லை. அந்தப் பக்கம் திருப்பினார். ஒரு நொடி எல்லாம் நீலமாக இருந்தது. பிறகு ஓரப் பார்வையில் ஒரு புள்ளி அகப்பட்டது. இடது பக்கம் கொஞ்சம் தட்டினார். புள்ளி இடது பக்கம் சாய்ந்தது. அப்பாடா!

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய மாதிரி வாழ்நாளில் ஓட்டியதில்லை. அவர் நினைத்தால் போதும், அது வட்டத்தைச் சுருக்கியது, நினைத்தால் விரித்தது. ஏறிக்கொண்டே இருந்தது. கண் போகவில்லை, டாக்டருக்கு என்ன தெரியும், கை இருக்கிறதே, இத்தனை வருடக் கை இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு குரல் குதித்தது. வெகு நாட்களுக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார்.

"மாமா, காத்துல தள்ளிப் போகுது. திருப்புங்க."

"திருப்பிட்டேன் பாரு."

"எங்க திருப்புனீங்க? போய்க்கிட்டே இருக்கு. மாமா, இடது!"

"இடதுதான் குடுத்திருக்கேன், எவ்வளவு அழகா..."

"மாமா! எதை மாமா பாக்கறீங்க?"

அப்போது அவருடைய புள்ளி சிறகடித்தது.

ஒரு தரம், இன்னொரு தரம், சாவகாசமாக. பிறகு குவாரியைத் தாண்டித் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று. மைத்துனன் ரிமோட்டைப் பிடுங்கியபோது கிளைடர் குன்றின் பின்சரிவுக்கு அப்பால் மறைந்துகொண்டிருந்தது. "சூரியன் கண்ணுல அடிச்சிடுச்சு" என்றார் அவர். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எல்லோரும் பின்சரிவில் இறங்கித் தேடினார்கள். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த மஞ்சள் புல். அவரும் தேடினார். தேடுகிற மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, கடவுளே, நான் கண்டுபிடிக்க வேண்டும், நானே கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடந்தார்.

"அதோ! அதோ கெடக்கு!" என்று, திரும்ப உச்சிக்கு ஏறிப் பார்த்த மைத்துனன் மேலே இருந்து கத்தினான். அவன் குரலில் சிரிப்பு இருந்தது. "ஒண்ணும் ஆகல மாமா! தானாவே எறங்கியிருக்கு! உங்களுக்கு நேர் எதுக்கதான்!"

நேர் எதிரே. அவருக்கு இல்லாமல் போனது அந்த நேர் எதிர்தான். ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்று ஆசையோடு காலை எடுத்து வைத்தார்.

"மாமா, நில்லுங்க! நில்..."

இறக்கை காலடியில் முறிந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டறையில் தினம் கேட்கிற சத்தம். தடுமாறி மறு காலையும் வைத்தார்; வாலும் போயிற்று. கீறல்கூட இல்லாமல் இறங்கிய விமானம், மஞ்சள் புல்லில் வெள்ளை வெளேரென்று கிடந்த விமானம், குன்றின் உச்சியிலிருந்து யார் பார்த்தாலும் தெரிகிற விமானம்.

மைத்துனன் இறங்கி வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும். அவன் அவர் முகத்துக்கு முன்னால் நின்றான். குன்றில் முதல் தடவையாக ஒருவர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா மாமா?"

"கொஞ்ச நாளா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

மைத்துனன் குனிந்து உடைந்ததைப் பொறுக்கினான். பிறகு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "பாத்து மாமா, கல்லு. இங்க பள்ளம்." அந்தக் குன்றின் ஒவ்வொரு கல்லும் அவர் காலுக்குத் தெரியும். கையை உதறியிருக்கலாம். உதறவில்லை.

வீட்டில் மனைவி ஆடித் தீர்த்தாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தட்டில் எதை எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். வாசலில் அவளே தலையைத் தட்டிவிடுகிறாள். அதுவும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பட்டறையில் அவரைக் கம்பியிலிருந்து எடுத்து மூட்டை கட்டும் பக்கம் போட்டுவிட்டார்கள். அங்கே தலையில் ஒட்ட ஒன்றும் இல்லை.

சில வாரம் கழித்து மைத்துனன் வந்து கட்டாயப்படுத்தினான். "சும்மா வந்து உக்காருங்க மாமா. காத்து எப்படின்னு சொல்லுங்க, போதும்." போனார். நல்ல மனுஷர்கள், ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் பக்கத்தில் நின்று, இப்ப இடது பக்கம் திரும்புது, இப்ப ஏறுது, இப்ப பருந்து வந்திருக்கு என்று குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கன்னத்தில் காற்று பட்டது. நல்ல காற்று.

"சார், வெயில் படுதா?" என்றார் ஒருவர். "அண்ணே, தண்ணி இன்னும் வேணுமா?" என்றார் இன்னொருவர். இறங்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காலை முழுவதும் ஒருவர்கூட அவரைக் கழுகு என்று கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து வாசலில் ஹாரன் அடித்தபோது, காற்று சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்.